சித்திரை முடியாத சந்து

பருத்திக்காரச் சந்தில் அந்த வருஷம் சித்திரை மாதம் முடியவே இல்லை. நாட்காட்டியில் முடிந்தது, ஊரில் முடிந்தது, சந்து முனையில் இருந்த டீக்கடையில்கூட முடிந்தது; அங்கே வைகாசி வந்து, ஆனி வந்து, ஆடிக்காற்று கடையின் சாக்குப் படுதாவைப் பிய்த்துக்கொண்டு போய் மாட்டுத்தாவணிப் பக்கம் எங்கேயோ போட்டது. ஆனால் கடையைத் தாண்டிச் சந்துக்குள் ஓரடி எடுத்து வைத்தால் உச்சந்தலையில் கத்திரி வெயில் இறங்கியது, வேப்பம்பூ வாசம் அடித்தது, தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஐப்பசியில் மதுரை முழுக்க அடைமழை பிடித்துக்கொண்டபோது சந்துக்கு மேலே வந்த மழை, கூரையைத் தொட ஓர் ஆள் உயரம் இருக்கையிலேயே ஆவியாகி, வந்த வழியே மேலே போய்விட்டது.

முதலில் பதறினார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், நூற்றெட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மன் குளிர்ந்தாள், சந்து குளிரவில்லை. அப்புறம் பதற்றம் பழகிப்போனது. “தண்ணி வராத தெரு இருக்கு, பஸ்ஸு போகாத தெரு இருக்கு. நம்ம தெருவுக்கு வைகாசி வரல, அவ்வளவுதான்” என்று கறிக்கடைத் தவசி சொன்னதைச் சந்து ஏற்றுக்கொண்டது. சித்திரைத் திருவிழாவுக்குப் போட்ட நீர்மோர்ப் பந்தலை யாரும் பிரிக்கவில்லை. வசூல் நின்றுபோய்ப் பானை காய்ந்த பிறகும் ஓலை மட்டும் அப்படியே நின்றது. மற்றத் தெருப் பெண்கள் கார்த்திகைத் தூறலில் வடகம் காயப்போட வழியில்லாமல், மாவை வாளியில் கரைத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். வெள்ளத்தாயி வீட்டு மொட்டை மாடியில் ஊர் வடகமெல்லாம் காய்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போய், “எங்க தெருவுல இன்னும் மே மாசம்தான் டீச்சர்” என்று சொல்லி அடிவாங்கினார்கள். சித்திரையில் பிறக்கும் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்ற பயத்தில் கர்ப்பிணிகள் மாதம் நெருங்கியதும் உறவுக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். திடீரென்று வலி கண்ட ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டீக்கடை பெஞ்சிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அதற்குத் தலை கார்த்திகையிலும் கால் சித்திரையிலும் இருந்ததால் ஜோசியர் இரண்டு ஜாதகம் எழுதிக் கொடுத்தார்.

ஏன் இப்படி ஆனது என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். சந்தின் முதுகுப் பக்கம் பழைய பஞ்சுக் கிட்டங்கியை இடித்துவிட்டு ஒன்பது மாடி அடுக்ககம் எழும்பியிருந்தது. முகப்பு அழகு கெட்டுவிடும் என்று ஏசிகளின் வெளிப்பெட்டிகளை எல்லாம் பின்சுவரில் மாட்டியிருந்தார்கள். கீழிருந்து மேல்வரை தேன்கூட்டுக் கண்ணைப்போல அடுக்கடுக்காக அவை நின்று, உள்ளே இருந்த வெக்கையை எல்லாம் இரவும் பகலும் சந்துக்குள் ஊதிக்கொண்டிருந்தன.

அந்த அடுக்ககத்தில்தான் பஞ்சவர்ணம் சமையல் வேலைக்குப் போய்வந்தாள். கணவன் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள் வினோதினியைச் சமைத்துப் போட்ட காசிலேயே படிக்கவைத்துக் கட்டியும் கொடுத்திருந்தாள். சந்தில் மற்றவர்களுக்கு வருஷம் முழுக்க ஒரே மாதம் என்றால் பஞ்சவர்ணத்துக்கு மட்டும் தினமும் இரண்டு. காலையில் சித்திரையிலிருந்து கிளம்பி, பின்கேட்டைத் தாண்டி, நாலாவது மாடியில் உமையாள் ஆச்சி வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே மார்கழி. ஆச்சி சால்வை போர்த்திக்கொண்டு மிளகு ரசம் கேட்பார். தனக்குப் பழசாகிப்போன ஸ்வெட்டர் ஒன்றைப் பஞ்சவர்ணத்துக்குக் கொடுத்திருந்தார். அதை அவள் அடுப்படி ஆணியிலேயே மாட்டிவைத்திருந்தாள், வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது.

ஒருநாள் மனசு கேட்காமல், “ஆச்சி, ஆளில்லாத ரூமுலயும் ஏசி ஓடணுமா?” என்று கேட்டாள்.

ஆச்சி கோபப்படவில்லை. “நானும் நிறுத்திப் பார்த்தேன் பஞ்சவர்ணம். நான் நிறுத்தினால் மேல் வீட்டு வெக்கையும் பக்கத்து வீட்டு வெக்கையும் சுவர் வழியா எனக்குத்தான் இறங்குது. அவங்களை நிறுத்தச் சொல்லு, நான் நிறுத்துறேன்.”

பஞ்சவர்ணம் ரசத்தை இறக்கிவைக்கப் போனாள்.

சந்தில் வெக்கை ஏற ஏற, ஒரு மின்விசிறி இருந்த வீட்டில் இரண்டு வந்தது. விசிறி சுடுகாற்றையே சுற்றிவிட்டதால் ஏர்கூலர் வந்தது. கூலர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததால் மோட்டார் வந்தது. காலையில் வைத்த குழம்பு உச்சிப்பொழுதுக்குள் நுரைத்துப்போனதால் ஃப்ரிட்ஜ் வந்தது. ஃப்ரிட்ஜின் முதுகுச் சூட்டில் அடுப்படியில் நிற்கமுடியாமல் போனதால் அடுப்படிக்கென்று இன்னொரு விசிறி வந்தது. கடைசியில் தவசி ஓர் ஏசி வாங்கி மாட்டினார். சந்தில் இரண்டு குடை எதிரெதிரே வந்தால் ஒன்று மடங்கவேண்டும், அவ்வளவுதான் அகலம். தவசி வீட்டு வெக்கை நேராக எதிர்வீட்டுக்குள் போனது. எதிர்வீட்டுக்காரர் ஒரு வாரம் சண்டை போட்டார், மறுவாரம் தானும் வாங்கிவந்து தவசி வீட்டைப் பார்த்து மாட்டினார். அது பக்கத்து வீட்டுக்குச் சூடாயிற்று, அந்தப் பக்கத்து வீடு அதன் எதிர்வீட்டுக்குச் சூடாயிற்று. இப்படி ஒருவர் வெக்கையை ஒருவர் வீட்டுக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே போனதில் சித்திரை இன்னும் முற்றி, வேப்பமரம் பூக்கவும் மறந்து நின்றது.

வோல்டேஜ் விழுந்து விழுந்து எழுந்தது. மின்சார ஆபீஸிலிருந்து வந்த இளைய இன்ஜினியர் கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் பார்த்தார். “ஏன்ணே, இத்தனூண்டு சந்துல லோடு இப்படி ஏறுது?” என்று தவசியைக் கேட்டார்.

“சூடா இருக்குன்னு ஏசி போடுறோம் சார். ஏசி போடுறதால சூடா இருக்கு. இதுல நீங்க எதை எழுதிக்கிறீங்க?”

இன்ஜினியர் சிரித்தார். “வளர்ச்சின்னு எழுதிக்கிறேன்ணே. மேல அதைத்தான் கேப்பாக. எங்க வீட்லயும் ரெண்டு ஓடுது.”

பழைய ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று வைத்தார்கள். அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். ‘வளர்ச்சி கண்ட பருத்திக்காரச் சந்து’ என்று பேனர் கட்டி, கவுன்சிலர் வந்து பேசினார். வேர்வை வழிய எல்லோரும் கைதட்டினார்கள்.

ஏசி வாங்காமல் மிச்சமிருந்தவை இரண்டே வீடுகள். ஒன்று பஞ்சவர்ணத்தின் வீடு, இன்னொன்று அதற்கு நேரெதிரே வெள்ளத்தாயியின் வீடு. வெள்ளத்தாயியின் கணவர் குருசாமி ஒரு காலத்தில் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். பஞ்சவர்ணத்துக்கு உடன்பிறக்காத அண்ணன். வினோதினிக்குத் தகப்பன் இல்லாமல் போன பிறகு அவளை சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்தவர். வாதம் வந்து விழுந்ததிலிருந்து ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தார். பேச்சு போய்விட்டது, கண் மட்டும் எல்லாம் பேசியது. அந்த ஜன்னலுக்கும் பஞ்சவர்ணம் வீட்டு ஜன்னலுக்கும் நடுவில் கையை நீட்டிக் கிண்ணம் கொடுத்து வாங்குகிற தூரம்தான். இரண்டு ஜன்னலும் திறந்தே கிடந்ததால் அந்த இடத்தில் மட்டும் எப்போதாவது ஒரு காற்று அசைந்தது. வெயிலுக்குப் பயந்தவர்கள் சிலர் நடந்துபோகையில் அங்கே ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிப் போவார்கள்.

வினோதினிக்கு மாதம் ஏறியது. தலைப்பிரசவத்துக்கு அழைக்கப் போனபோது சம்பந்தியம்மா உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“தாய்வீட்டுக்கு அனுப்புறதுதான் முறை, அதுல மாத்தமில்ல. ஆனா பச்சப்பிள்ளைய அந்த வெக்கையில எப்படிப் போட்டுவைக்கிறது? ஆஸ்பத்திரியில கார்த்திகையில பிறந்தாலும், சித்திரைக்குள்ள கொண்டுபோனா சித்திரைப் பிள்ளைதான்னு எங்க ஜோசியர் சொல்றாரு. ஒரே ஒரு ரூமை மார்கழி ஆக்கிவைங்க, அனுப்பிருவோம்.”

திரும்பி வந்து பஞ்சவர்ணம் ஆச்சியிடம் சொல்லி அழுதாள். ஆச்சிக்கு அப்போதுதான் பெரிய ஏசி ஒன்று வாங்குகிற யோசனை இருந்தது. “பழசை எடுத்துக்கிட்டுப் போ. பேரப்பிள்ளைக்கு என் சீர்னு வச்சுக்க” என்றார். பஞ்சவர்ணம் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாட்ட வந்தவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பின்பக்கம் அடுக்ககத்தின் மதில் ஒட்டியிருந்தது. “முன்னாடிதான்க்கா மாட்ட முடியும்” என்று சொல்லி, தெருவைப் பார்த்த சுவரில் துளை போட ஆரம்பித்தான். சத்தம் கேட்டு வெள்ளத்தாயி ஜன்னலுக்கு வந்தாள். கையில் ஈரத்துணி இருந்தது. குருசாமிக்கு நெஞ்சு துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“பஞ்சு, அந்தப் பெட்டிய எங்கிட்டுப் பாக்க மாட்டுறாக?”

“இங்கிட்டுத்தான் மதினி. வேற இடமில்லங்கிறான்.”

“அண்ணன் கட்டில் இங்கதான கெடக்கு.”

“கொஞ்சம் நகட்டிப் போட முடியாதா?”

“எங்கன நகட்ட? அந்தப் பக்கம் அடுப்படி. இந்தப் பக்கம் சுவரு.”

துளைபோடும் யந்திரம் நின்றது. பஞ்சவர்ணம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். “வினோ வர்றா மதினி. அவுக இது இருந்தாத்தான் அனுப்புவோங்கிறாக.”

வெள்ளத்தாயி திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். குருசாமியின் கண் எதிர்ச்சுவரில் தொங்கிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வரட்டும். நல்லபடியா பெறட்டும்” என்றாள் வெள்ளத்தாயி. அப்புறம் குரலை இறக்கினாள். “பகல்ல மட்டும் போடாத பஞ்சு. ராத்திரி எப்படியாச்சும் சமாளிச்சுக்கிருவோம். பகல்ல அவருக்கு மூச்சு முட்டுது.”

“சத்தியமா போடமாட்டேன் மதினி. அவரு எனக்கு அண்ணன்தான?”

பேரன் பிறந்தான். சந்து முனைவரை காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்து, அங்கிருந்து துணியால் மூடித் தூக்கி, சித்திரை தொடாமல், அவனை நேரே மார்கழி அறைக்குள் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். முதல் சில நாள் பஞ்சவர்ணம் வாக்கைக் காப்பாற்றினாள். விடிந்ததும் அணைத்துவிட்டு விசிறியால் வீசினாள். பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டது, வீரிட்டு அழுதான், பால் குடிக்காமல் துவண்டான். “அம்மா, இவன் மூச்சே சரியில்லம்மா” என்று வினோதினியும் அழுதாள். அரை மணி நேரம் போட்டார்கள். பிள்ளை தூங்கினான். மறுநாள் ஒரு மணி நேரம். அப்புறம் உச்சிவெயில் முழுக்க. அப்புறம் அணைப்பதே இல்லை என்றாகி, அது எந்த நாளில் அப்படி ஆனது என்று பஞ்சவர்ணத்துக்கே நினைவில்லாமல் போயிற்று.

வெள்ளத்தாயி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலில் நனைத்த சேலையைத் தொங்கவிட்டாள். பிழிந்து போட்ட கை எடுப்பதற்குள் அது மொரமொரவென்று காய்ந்தது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். உள்ளே காற்றில்லாமல் குருசாமி திணறினார். திறந்தாள், வெளிப்பெட்டியின் மூச்சு அவர் முகத்தில் அடித்தது. பஞ்சவர்ணம் அந்த ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். வேலைக்குப் போகையில் தலையைக் குனிந்துகொண்டு மறுபக்கமாகச் சுவரோரம் நடந்தாள். எதிரே வெள்ளத்தாயி குடத்தோடு வந்தால், “அண்ணன் எப்படி இருக்காரு மதினி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

குருசாமி ஒரு நண்பகலில் செத்துப்போனார். வெள்ளத்தாயி கத்தியது பஞ்சவர்ணத்துக்குக் கேட்கவில்லை. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது, ஏசி இரைந்துகொண்டிருந்தது, மடியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். சந்தே அங்கே கூடிய பிறகு தவசி வந்து கதவைத் தட்டித்தான் கைகாட்டினார்.

போய் விழுந்து வெள்ளத்தாயியைக் கட்டிக்கொண்டாள். கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்ட மாதிரி இருந்தது அந்த உடம்பு.

“தண்ணி வேணும்னு கண்ணக் காட்டுனாரு பஞ்சு. பானையில மோந்துட்டு வர்றதுக்குள்ள…” என்றாள் வெள்ளத்தாயி. அவ்வளவுதான் சொன்னாள். மதினி மேற்கொண்டு ஏதாவது சொல்வாள் என்று பஞ்சவர்ணம் காத்திருந்தாள். மாரில் அடித்துக்கொண்டு, இன்னார்தான் கொன்றது என்று சந்து கேட்கச் சொல்லுவாள் என்று காத்திருந்தாள். அவள் சொல்லவே இல்லை.

மகன் ஈஸ்வரன் திருப்பூரிலிருந்து வந்துசேர வேண்டும். அந்தச் சித்திரையில் அதுவரை உடம்பு தாங்காது என்று தவசி ஆள் அனுப்பி ஐஸ் பெட்டி வரவழைத்தார். குருசாமியை அதற்குள் கிடத்திக் கண்ணாடியை மூடினார்கள். வாழ்நாள் முழுக்க மூட்டைச் சூட்டில் வெந்த மனுஷனுக்கு முதல்முதலாகக் குளிர் கிடைக்கப்போகிறது என்று ஒரு கிழவி ஒப்பாரியில் சேர்த்துப் பாடினாள். பெட்டியின் வயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டதும், சந்து முனையில் அந்தப் பெரிய ட்ரான்ஸ்பார்மர் டமாரென்று வெடித்துப் புகைந்தது.

எல்லாம் நின்றது. சந்தில் ஓடிய ஏசிகள் நின்றன, பின்னால் ஒன்பது மாடியின் பெட்டிகளும் நின்றன. அங்கே ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் விளக்குக்கும்தான். எத்தனையோ காலமாகக் காதில் ஒட்டிக்கொண்டிருந்த இரைச்சல் உதிர்ந்ததும், ஒப்பாரி வைத்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு என்ன சத்தம் இது என்று கேட்டார்கள். சத்தமில்லை, அதுதான் வித்தியாசம்.

அப்போது டீக்கடைப் பக்கமிருந்து வைகாசி உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே ஆனி வந்தது. முனையில் இத்தனை நாளும் வரிசையில் காத்துக்கொண்டு நின்ற மாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. ஆடிக்காற்று பாய்ந்து வந்து நீர்மோர்ப் பந்தலின் ஓலையைக் கூரைமேல் தூக்கியெறிந்தது, ஆவணி கொஞ்சம் வெளிச்சத்தைத் தணித்தது, புரட்டாசி மேகத்தைக் கொண்டுவந்து கூரைக்கு மேல் வைத்தது, ஐப்பசி கொட்டியது. மழை தரையைத் தொட்டது. பிள்ளைகள் சாவுவீடு என்று பார்க்காமல் தெருவில் குதித்தார்கள், யாரும் அதட்டவில்லை. பெரியவர்களும் வாசலுக்கு வந்து முகத்தை மேலே காட்டிக்கொண்டு நின்றார்கள். வினோதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாக வெளியே வந்தாள். அவன் அழவில்லை. மழையைப் பார்த்துக் கண்ணைக் கொட்டினான்.

வெள்ளத்தாயி ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் கணவரின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “குளுந்துருச்சு” என்றாள். ஜன்னலை விரியத் திறந்து வைத்தாள். எதிரே நின்ற வினோதினியைப் பார்த்து, “தலைய மூடு தாயி. பிள்ளைக்குச் சாரல் ஆகாது” என்றாள்.

தவசி நனைந்த வேட்டியோடு சந்து நடுவில் நின்று, “ஏசிய அமத்துனாப் போதுமா? இவ்வளவுதானா?” என்று பொதுவாகக் கேட்டார். அந்தச் சாயங்காலம் அவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லமுடியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்ஜினியரும் ஆட்களும் நனைந்துகொண்டே வேறொரு கம்பியிலிருந்து சந்துக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தார்கள். அடுக்ககத்துக்கு நாளைக்குத்தான் என்றார்கள். பல்புகள் எரிந்தன. “கரண்டு வந்துருச்சு!” என்று பிள்ளைகள் கூச்சலிட, பெரியவர்கள் வழக்கம்போலக் கைதட்டிவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஐஸ் பெட்டி முனக ஆரம்பித்தது. வேறு எதுவும் ஓடவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. அவரவர் வாசலில் நின்றபடி அடுத்தவர் வீட்டுச் சுவரில் தொங்கிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சவர்ணம் உள்ளே வந்தாள். பேரன் ஜில்லென்று வீசிய காற்றில் தூங்கிவிட்டிருந்தான். வினோதினி அவன்மேல் துணியைப் போர்த்திவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, தவசி மாமா கதவைச் சாத்திட்டாரு.”

“சாத்துனா என்ன?”

“போடப்போறாருன்னு அர்த்தம். அவரு போட்டா அடுத்த வீட்ல போடுவாக. எல்லா வெக்கையும் சேர்ந்து நம்ம ரூமுக்குத்தான் வரும். பிள்ளை தாங்குவானா?”

“நல்லாத்தானடி இருக்கு, காத்து.”

“இப்ப இருக்கு.”

தவசி ஈர வேட்டி மாற்றத்தான் கதவைச் சாத்தினார். அது பின்னால் தெரிந்தது. பஞ்சவர்ணம் ரிமோட்டை எடுத்து, அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே கார்த்திகை சந்து முனையைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அவள் பேரனின் கழுத்தைப் பார்த்தாள். பழைய வேர்க்குரு இன்னும் சிவந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியைச் சாத்தினாள், பொத்தானை அழுத்தினாள்.

வெளிப்பெட்டியின் விசிறி மழைத்தண்ணீரைச் சிதறடித்துச் சுற்றத் தொடங்கி, முதல் வெக்கையை எதிர்வீட்டுக்குள் அனுப்பியது. அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்ததுபோலப் பக்கத்து வீட்டில் ஒன்று ஓடியது, அதற்கெதிரே ஒன்று ஓடியது, சந்தின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒவ்வொன்றாக இரைந்தன. மழை கூரைக்கு மேலே தயங்கி நின்றது. உள்ளே வந்த மாதங்கள் வந்த வரிசைக்குத் தலைகீழாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரும்பிப் போயின.

எதிரே வெள்ளத்தாயி ஐஸ் பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்தாள். பஞ்சவர்ணம் கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். இப்போதாவது மண்ணை வாரித் தூற்றட்டும், என் வம்சத்தைச் சபிக்கட்டும் என்று அவள் மனசு கெஞ்சியது. வெள்ளத்தாயி ஜன்னலுக்கு வந்து நின்றாள். அவளைப் பார்க்கவில்லை, கட்டிலில் துணிக்குள் சுருண்டு தூங்கிய பிள்ளையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக, அவன் முழித்துவிடக் கூடாதென்று, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.